வாசல் கீழே இருக்கட்டும்

ஓவியக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை வரைக்கும் நான் கழிப்பறைக்குப் போகவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரியாது. கேட்க வாய் வரவில்லை. எந்தெந்தப் பெரிய ஓவியர்கள் அங்கே படித்தார்கள் என்பது தெரியும். அதையெல்லாம் சேருகிறவர்களுக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். குடிதண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேட்டால் சிரிப்பார்களோ என்று பயந்த கேள்விகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அன்று மாலை பஸ் ஏறினேன்.

இருபத்திரண்டு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், டெல்டாப் பக்கத்து அரசு கலைக் கல்லூரி ஒன்றிலிருந்து தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டார். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கையேடு ஒன்று வேண்டும். படம் போட்டு, பார்க்க லட்சணமாக. பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் தந்திருக்கிறார்கள். 1,500 படிகள். "புத்தகத்துக்கு இருபது ரூபாய்க்குள்ள முடிச்சுக் குடுங்கம்மா" என்றார். அதில் என் கூலியும் அடக்கமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாதிரிக்குப் பழைய காலண்டரைக் கொடுத்தார். நம் ஊர்க் கல்லூரிகளில் கையேட்டுக்குக் காலண்டர் என்றுதான் பெயர். தேதி கிழிக்கிற சமாசாரம் இல்லை. 96 பக்கம். கல்லூரி கீதம், முதல்வர் உரை, கல்லூரி வரலாறு, தொலைநோக்கு, குறிக்கோள், பட்டங்களோடு ஆசிரியர் பட்டியல், அதற்குப் பிறகு விதிகள். விதிகள் எல்லாம் 'கூடாது' என்றோ 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்றோ முடிந்தன. கடைசி முப்பது பக்கமும் விடுப்பு விவரம் எழுதக் கட்டம் போட்ட வெற்றுத்தாள். பென்சிலை எடுத்துக்கொண்டு, முதல் நாள் உள்ளே வரும் பிள்ளைக்கு உதவக்கூடிய வரிகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்த்தேன். மொத்தமாகச் சேர்த்தால் மூன்றரைப் பக்கம் தேறியது.

மே மாதக் கடைசியில் கலந்தாய்வு தொடங்கியது. எதை வரைய வேண்டும் என்று பார்ப்பதற்காக மூன்று நாள் கல்லூரியில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் அலுவலக வராந்தாவில். அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. வரிசையில் நின்றார்கள், முறை வந்ததும் காகிதக் கட்டை நீட்டினார்கள், ஏதோ குறைகிறது என்றதும் வெளியே ஓடினார்கள். எங்கே ஓடுகிறார்கள் என்று பின்னாலேயே போனேன். எதிர்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை.

மறுநாளிலிருந்து என் இடம் அந்தக் கடைத் திண்ணைதான். கடையை நடத்துகிற அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கை இயந்திரத்தின் மூடியைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருக்கும், வாய் கல்லூரியை நடத்திக்கொண்டே இருக்கும். "டி.சி. ஒரிஜினலை உள்ள குடுத்துருவ. குடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு காப்பி எடுத்து வச்சுக்க, அப்புறம் கேட்டா கைக்கு வராது." "சாதிச் சான்றிதழ் ரெண்டு செட்டு. ஆதார்ல பேரும் மார்க் ஷீட்ல பேரும் ஒண்ணா இருக்கா பாரு தம்பி." "பிசிக்ஸா? உள்ள போனதும் வேப்பமரம், அதுக்கு இடது கைப் பக்கம்." வராந்தாவில் எழும்பாத குரல்கள் இங்கே எழும்பின. ஏன் என்று யோசித்தேன். இங்கே இரண்டு ரூபாய் கொடுக்கிறார்கள். காசு கொடுக்கிற இடத்தில் கேள்வி கேட்கலாம் என்பது நம் ஜனங்களுக்குத் தெரியும். சும்மா கிடைக்கிற இடத்தில்தான் நாக்கு மடங்கிக்கொள்ளும்.

நீள நோட்டில் கேள்விகளைக் குறித்தேன். இரண்டு நாளில் அறுபத்தொன்று. பாத்ரூம் எங்கே. எச்.ஓ.டி. என்றால் யார். போனஃபைட் என்றால் என்ன, அது எந்த ஜன்னலில். மேஜர் என்றால் என்ன, அலைடு என்றால் என்ன. ஷிப்ட் ஒன்றா இரண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பரீட்சையைத் தமிழில் எழுதலாமா. சாப்பாடு கொண்டுவந்தால் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது. ஒரு அப்பா, மகளை வெளியே நிறுத்திவிட்டு வந்து, குரலைத் தணித்துக் கேட்டார்: "அரியர்னு சொல்றாங்களே, அது வந்தா பிள்ளைய வெளிய அனுப்பிருவாங்களா?"

புத்தகத்தின் பொருளடக்கம் அந்த நோட்டில்தான் இருந்தது. பேராசிரியரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் இங்கதான் படிச்சேன். இதுல பாதி எனக்கும் அப்ப தெரியாது" என்றார்.

இனிக் காகிதக் கணக்கு. எங்கள் தொழிலில் கற்பனைக்கு முன்னால் வருவது கத்தரிக்கோல். கிரவுன் ஒன்றுக்கு எட்டு என்ற அளவை எடுத்துக்கொண்டேன். வெட்டியபின் ஏறக்குறைய ஐந்து அங்குல அகலம், ஏழேகால் உயரம். பையன்கள் ஒற்றை நோட்டை மடித்துப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு வருகிறவர்கள். அதற்குள் அடங்க வேண்டும். 20-க்கு 30 அங்குல டபுள் கிரவுன் தாள் ஒன்றில், முன்னும் பின்னுமாக இந்த அளவில் சரியாக 32 பக்கம் வரும். அதாவது ஒரு புத்தகத்துக்கு ஒரு தாள். 1,500 புத்தகத்துக்கு மூன்று ரீம், கழிவுக்குக் கொஞ்சம். அட்டை தனி. முப்பத்து மூன்றாவது பக்கம் என்று ஒன்று வந்தால் செலவு ஒரேயடியாக ஏறிவிடும். ஆகவே 32 என்பது என் வேலிக்கல். கல்லூரி கீதத்துக்கு இடம் எங்கே என்று முதல்வர் கேட்டபோது, தாளைப் பதினாறாக மடித்து அவர் மேசையிலேயே டம்மி செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் என்ன வருகிறது என்று எழுதிக் காட்டினேன். கீதம் பின்னட்டையின் உள்பக்கத்துக்குப் போனது. அவருடைய உரை முக்கால் பக்கத்திலிருந்து ஆறு வரிக்கு வந்தது. அதை அவரே சுருக்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

எழுத்து வேலையில் பெரிய சண்டை ஒரே ஒரு சொல்லுக்காக நடந்தது. அலுவலகத்திலிருந்து வந்த வரைவில் 'மாணாக்கர்கள் அடையாள அட்டையை அணிந்து வருதல் வேண்டும்' என்று இருந்தது. நான் 'அடையாள அட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். நூலகத்தில் புத்தகம் எடுக்கவும் இதுதான்' என்று மாற்றினேன். குழுவில் ஒருவர், "பதினேழு வயசுப் பிள்ளைங்களுக்குப் போய் 'வாருங்கள்' எதுக்கு? 'வா'ன்னு போட்டா பாசமா இருக்கும்" என்றார். இன்னொருவர், நிறுவனம் வெளியிடும் நூலில் படர்க்கைதான் முறை என்றார். இரண்டுமே தப்பு என்று சொல்லத் தெரிந்ததே தவிர, காரணம் சொல்லத் தெரியவில்லை. வரைவைக் கடைத் திண்ணையில் இருந்த மூன்று பெண்களிடம் படிக்கக் கொடுத்தேன். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, "எங்களப் போயி நீங்கள்னு போட்டிருக்கீங்க" என்று சிரித்தாள். பள்ளிக்கூடமோ தாலுகா அலுவலகமோ ரேஷன் கடையோ, இதுவரை அவளை யாரும் அப்படி அழைத்ததில்லை. அந்தச் சிரிப்பைக் குழுவில் போய்ச் சொன்னேன். 'நீங்கள்' நின்றது.

சொற்களுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கினோம். கல்லூரியில் காதில் விழும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில், சொல்கிறபடியே போட்டு, பக்கத்தில் இரண்டு வரி விளக்கம். 'போனஃபைட்: நீங்கள் இங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி எழுதித் தரும் சான்று. பஸ் பாஸ், வங்கிக் கணக்கு, உதவித்தொகை மூன்றுக்கும் கேட்பார்கள்.' 'அரியர்: ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாவிட்டால் அந்தப் பாடத்தை மட்டும் பிறகு மறுபடி எழுதுவது. இதற்காக யாரையும் கல்லூரியிலிருந்து அனுப்புவதில்லை.' இந்தக் கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டேன், அந்த அப்பாவுக்காக. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 அவரவர் முதன்மைப் பாடம் என்பதை ஒரு டிபன் கேரியரின் அடுக்குகளாக வரைந்தேன். புதுமைப் பெண் திட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம்: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். சேர்ந்த பெண்களில் பலர் தமக்கு உண்டா இல்லையா என்று தெரியாமலே வந்திருந்தார்கள். 'உண்டு என்றால் என்ன செய்ய வேண்டும்' என்று நான்கு படிகளாக வரைந்தோம்.

ராகிங் பக்கம் என்னைத் திணறடித்தது. தமிழ்நாட்டில் இதற்கு 1997-லேயே தனிச் சட்டம் உண்டு. மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதன் பின்னால் வந்த சட்டம். பழைய காலண்டரில் அதன் பிரிவுகள் ஒரு பக்கம் முழுக்க நெருக்கி அடைத்திருந்தன. நான் முதலில் வரைந்தது, மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழும் ஒரு பையனை. நன்றாகத்தான் வந்திருந்தது. மறுநாள் எடுத்துப் பார்த்தபோது, முதல் நாள் வருகிற பிள்ளை கையில் இதைக் கொடுத்தால் நாமே பயமுறுத்துகிறோமே என்று பட்டது. கிழித்துவிட்டு ஒரு கதவை வரைந்தேன். பாதி திறந்த கதவு, மேலே அறை எண், உள்ளே நிமிர்ந்து பார்க்கிற ஒரு பேராசிரியை. கீழே, 'யாராவது தொந்தரவு செய்தால் நேரே இங்கே வாருங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை.'

வரைபடத்துக்கு வருகிறேன். பொதுப்பணித் துறையின் கட்டட வரைபட நகல் ஒன்று கிடைத்தது. வடக்கு மேலே, அளவு துல்லியம், எழுத்து எறும்பு. அதையே சுத்தமாக்கி வரைந்து, ஐந்து பிள்ளைகள் கையில் கொடுத்து, "வேதியியல் ஆய்வகத்துக்குப் போய்ட்டு வாங்க" என்று அனுப்பினேன். இரண்டு பேர் போனார்கள். மூன்று பேர் வாசலிலேயே நின்று தாளைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரி வாசல் வடக்குப் பார்த்தது. ஆகவே என் படத்தில் வாசல் மேலே இருந்தது. உள்ளே நுழைகிற ஆளுக்கு வாசல் முதுகுப் பக்கம், கட்டடம் முகத்துக்கு எதிரே. படமும் அப்படித்தான் இருக்க வேண்டும். வடக்கைக் கீழே தள்ளி, வாசலைத் தாளின் அடியில் வைத்தேன். கையில் பிடித்திருக்கிற கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வாசல். அங்கிருந்து மேலே ஏறினால் கல்லூரி. இப்போது ஐவரும் போனார்கள்.

அளவையும் விட்டுவிட்டேன். வேப்பமரத்தை நிர்வாகக் கட்டடத்தை விடப் பெரிதாக வரைந்தேன். வழி கேட்டால் எல்லோரும் மரத்தைத்தான் சொல்கிறார்கள், கட்டடத்தின் பெயரைச் சொல்வதில்லை. தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் நிறுத்தம், தகரக் கூரை போட்ட கேன்டீன் எல்லாம் பெரிதாயின. கழிப்பறைகளை முதலில் வரைந்து, அதற்குப் பிறகுதான் துறைகளுக்குப் போனேன்.

படம் 16, 17-ஆம் பக்கங்களில் விழுமாறு பார்த்துக்கொண்டேன். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே தாளாக ஓடுவது அந்த நட்டநடு இடத்தில் மட்டும்தான். மற்ற இடங்களில் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறு தாள். மடிக்கிறவர் கை அரை மில்லிமீட்டர் அசைந்தால் பாதை துண்டாகிவிடும். நடுவில் இருந்தால் பின்னைப் பிரித்துப் படத்தை முழுசாக எடுத்து விடுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் பின் எதன்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் டம்மியில் ஒரு பின் நூலகத்தைக் குத்தியது. நூலகத்தை விரல் அகலம் நகர்த்தினேன்.

அடுத்தது முகங்கள். என் தொழில் வாழ்க்கையின் பெரிய பாடத்தை இங்கேதான் படித்தேன். முதலில் வரைந்த மாணவர்களைப் பேராசிரியர் பாராட்டினார், பிள்ளைகள் பாராட்டவில்லை. "நல்லா இருக்கு மேடம். ஆனா இது இன்ஜினியரிங் காலேஜ் மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். உற்றுப் பார்த்தேன். முதுகுப் பை, ஜீன்ஸ், கையில் லேப்டாப். விளம்பர வேலைகளுக்காக வருடக்கணக்காக வரைந்து பழகிய பொம்மைகள், கேட்காமலே என் கையிலிருந்து இறங்கியிருந்தன. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மறுபடி வரைந்தேன். இரட்டைச் சடையைக் கல்லூரிக்கென்று ஒற்றையாக்கியவள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தியவள். அண்ணனின் சட்டையைக் கை மடித்துப் போட்டவன். தேய்ந்த ரப்பர் செருப்பு. ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் டிபன் பாக்ஸ்.

இத்தனையும் சரியாக வந்தபிறகும் ஏதோ உறுத்தியது. கோட்டோவியத்தில் முகத்தின் வரம்பை மட்டும்தான் வரைகிறோம். உள்ளே இருப்பது வெள்ளைத் தாள். ஆகவே கோட்டில் வரையப்படுகிற எல்லோரும் தாமாகவே வெள்ளையாகிவிடுகிறார்கள். நம் வார இதழ்களில் தலைமுறை தலைமுறையாக வந்த கதாநாயகிகளுக்கு அந்த நிறம் வந்ததில் தாளுக்கும் பங்கு உண்டு. நான்கு சுருக்கக் கோட்டில் ஒரு மனிதரின் குணத்தையே கொண்டுவந்துவிடுகிற கோபுலுவைப் பார்த்து வரையக் கற்றவள் நான். அந்தக் கோட்டுக்குள்ளே இருக்கிற வெள்ளையைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. ஜெராக்ஸ் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பு, மாநிறம். என் புத்தகத்தில் ஒருவர்கூட இல்லை.

உள்பக்கங்களுக்கு இரண்டு நிறம்தான் கட்டுப்படியாகும் என்று முன்பே முடிவாகியிருந்தது: கறுப்போடு இன்னொன்று. நீலம் என்று நினைத்திருந்தேன். அதை மாற்றி, செங்கல்லும் காவியும் கலந்த ஒரு பழுப்பை எடுத்துக்கொண்டேன். தலைப்புகளுக்கு அது முழுச் செறிவில். முகத்துக்கும் கைகளுக்கும் அதே மை, சன்னப் புள்ளிகளாக, நாற்பது சதவீதத்தில். ஒரே பிளேட்டில் இரண்டு வேலை. காசு கூடவில்லை, முகத்துக்கு உயிர் வந்தது.

அச்சுக்குச் சிவகாசி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கப்போய் வளர்ந்தது அந்த ஊரின் அச்சுத் தொழில். அங்கே எந்த மாதம் போகிறோம் என்பது முக்கியம். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டால், பிறகு மார்கழி வரை காலண்டர்தான். நான் போனது ஜூன். நோட்டுப் புத்தக சீசன். "1,500 காப்பிக்கு மெஷினக் கழுவணும், மை கலக்கணும்... நாலு கலர்லயே ஓட்டிருவோமேம்மா" என்றார் அச்சக அண்ணாச்சி. பழுப்பு எதற்கு என்று ஒரு படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நம்ம புள்ளைக மாதிரில்லா இருக்கு" என்றார். ராத்திரி ஷிப்டில் பழைய இரண்டு கலர் மெஷின் ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தார்.

அதற்கு முன்னால் எழுத்துரு படுத்திய பாடு. அலுவலகத்திலிருந்து வந்த கோப்புகள் பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றினேன். திரையில் குறையே தெரியவில்லை. உண்மையில் பல இடங்களில் 'ர்' வரவேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருந்தார்கள். 'எ' என்ற எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருந்தது. சில எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. தலைப்புக்காக நான் வேறு எழுத்துருவுக்கு மாறியதும் வேடம் கலைந்தது: துணைக்கால்களுக்குப் பக்கத்தில் புள்ளிப் புள்ளியாய் வட்டங்கள். 'முதல்வர்' என்ற சொல்லே ஆறு இடத்தில் உடைந்திருந்தது. ஓர் இரவு முழுக்கத் தேடித் தேடி மாற்றினேன். அதன்பிறகுதான் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கினேன். ஆக்கியபிறகு அது எழுத்து இல்லை, படம். பிழை இருந்தால் அதுவும் படமாகவே உறைந்துபோகும்.

வரி இடைவெளியையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்குப் போடுகிற இடைவெளி தமிழுக்குப் பற்றாது. மேல்வரியின் 'கூ' கீழே வால் விடும், கீழ்வரியின் 'கீ' மேலே கொடி ஏற்றும், இரண்டும் முட்டிக்கொள்ளும். 11 புள்ளி எழுத்துக்கு 17 புள்ளி இடம் விட்டேன். நம் சொற்கள் நீளம். இரண்டு ஓரத்தையும் நேராக்கினால் நடுவில் வாய்க்கால் வாய்க்காலாக வெள்ளை ஓடும். வலது ஓரத்தை அதன்போக்கில் விட்டேன். இப்படி விட்டால் வேலை முடியாத மாதிரி இருக்கிறது என்று கல்லூரியில் ஒருவர் குறைப்பட்டார். முடிந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

மெஷின் ஓடிய இரவு. முதல் ஐம்பது தாள் வெளியே வந்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. என் பிள்ளைகள் எல்லோரும் கரிபிடித்த மாதிரி இருந்தார்கள். வீட்டில் நான் சரிபார்த்தது வழவழப்பான ஆர்ட் பேப்பரில். இங்கே ஓடுவது மேப்லித்தோ. கரும்புச் சக்கையிலிருந்து கரூர்ப் பக்கம் புகளூரில் செய்கிற தாள். பூச்சு இல்லாத தாள் மையை உறிஞ்சும். உறிஞ்சினால் ஒவ்வொரு புள்ளியும் உப்பும். நாற்பதாக விட்டது அறுபதாக வந்து நிற்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும், முகம் நன்றாக வந்த மகிழ்ச்சியில் மறந்த விஷயம். மெஷின் மாஸ்டர் மையைக் குறைத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது, தலைப்பும் கூடவே வெளுத்தது. "பிளேட்ட மாத்துனாத்தாம்மா உண்டு" என்றார். தாளின் இரண்டு பக்கத்துக்கும் பழுப்பு பிளேட்டை மறுபடி எடுத்தோம், இருபத்தைந்து சதவீதத்தில். அந்தச் செலவு என் கூலியில் போனது. விடிகாலை மூன்றரைக்கு, குழல்விளக்கின் கீழே, துப்பட்டாவில் ஊக்கு குத்திய அந்தப் பெண் சரியான நிறத்தில் வெளியே வந்தாள்.

ஜூலையில் புத்தகம் கைகளுக்குப் போனது. விழாவில் விருந்தினர் பிரித்துப் பார்க்காமலே புகழ்ந்தார். நான் செப்டம்பரில் கணக்கு முடிக்கப் போனபோது அக்கா கடையில் நின்றேன். "உன் புக்குதான் இப்ப நல்லா ஓடுது" என்றாள். எனக்குப் புரியவில்லை. ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போட்டாள். வரைபடமும் சான்றிதழ்ப் பட்டியலும், ஜெராக்ஸ். புத்தகத்தைத் தொலைத்தவர்கள், தங்கைக்கு வேண்டும் என்பவர்கள், வேறு கல்லூரியில் சேர்ந்த சிநேகிதிக்கு அனுப்புகிறவர்கள் என்று வந்து கேட்கிறார்களாம். சந்தோஷத்தோடு வாங்கிப் பார்த்தேன். கோடு, எழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தன. முகங்கள் மட்டும் ஒரே கறுப்புச் சாந்து. பழுப்புப் புள்ளியை இயந்திரம் கரியாக அள்ளியிருந்தது. "மூஞ்சி மட்டும் விழ மாட்டேங்குது, நானும் லைட்டா வச்சுப் பாத்துட்டேன்" என்றாள் அக்கா.

மூன்று ஊர் தாண்டி, காகிதமும் மையும் பிளேட்டும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். அந்தப் புத்தகம் கடைசியில் எந்த இயந்திரத்தின் அடியில் போய்ப் படுக்கும் என்று யோசிக்கவில்லை. அதுவும், அந்த இயந்திரத்துக்கு ஒன்றரை முழத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவள்.

2024 பதிப்புக்கு எல்லா முகங்களையும் மறுபடி வரைந்தேன். புள்ளியை நம்பாமல் கோட்டையே நம்பினேன். ஓவியக் கல்லூரியில் இரண்டு வருடம் எங்களை வாட்டியெடுத்த பயிற்சி, தொட்டெழுதும் பேனாவால் இணைகோடு போடுவது. கோயில் சிற்பங்களின் முன்னால் நாள்கணக்காக உட்கார்ந்து வரைந்த சில்பியின் படங்களைப் பார்த்து, கருங்கல்லின் நிறத்தைக் கோட்டிலேயே கொண்டுவரப் பழகியிருந்தோம். கல்லுக்குக் கற்ற வித்தையைக் கன்னத்துக்குப் போட்டேன். முகத்தின் வளைவைத் தொட்டுக்கொண்டு போகிற மெல்லிய கோடுகள், நடுவில் மூச்சுவிட வெள்ளை. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கறுப்பு பிளேட்டிலேயே வைத்தேன். அச்சுக்கு அனுப்புமுன் அக்காவிடம் கொண்டுபோய், ஜெராக்ஸ், ஜெராக்ஸின் ஜெராக்ஸ், அதன் ஜெராக்ஸ் என்று நான்கு தலைமுறை எடுத்துப் பார்த்தோம். நாலாவதிலும் அந்தப் பெண் கறுப்பாக, கண் தெரிய, சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாறுகிற செய்திகளைப் புத்தகத்திலிருந்து எடுத்து ஒற்றைத் தாளில் தனியாக அடித்துச் செருகியது அந்தப் பதிப்பில் செய்த இன்னொரு மாற்றம். உடனே பலன் தந்தது. அந்த ஆகஸ்டில் பையன்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியபோது, ஒற்றைத் தாளை மட்டும் மாற்றி அடித்தோம். 32 பக்கமும் அப்படியே நின்றது.

அடுத்த சேர்க்கையின்போது ஒரு காலை, திருத்தங்கள் வாங்க வந்தவள் கடைத் திண்ணையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் தனியாக வந்தாள். மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்தாள். அக்கா மீதிச் சில்லறையோடு ஒரு தாளையும் நீட்டினாள். எத்தனையாவது தலைமுறையோ தெரியவில்லை, ஓரங்கள் மங்கியிருந்தன. அந்தப் பெண் அதை வாங்கிப் பார்த்தாள். சாலையைக் கடந்தாள். வாசலில் ஒரு கணம் நின்று தாளைக் குனிந்து பார்த்தாள், திருப்பவில்லை. வேப்பமரம் வரை நேரே நடந்து, அங்கிருந்து வலது பக்கம் திரும்பினாள். அலுவலகம் இடப்பக்கம். துறைகளும் இடப்பக்கம். வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் நான் முதலில் வரைந்தேன்.

கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்பது இருபது.